புற்றுநோய் விஞ்ஞானியின் ஆய்வுப் பட்டியலை எப்படிப் படிப்பது?

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நம் செய்தித்தாள்களில் ஒரு செய்தி வரும்: 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் ஊர்ப் பேராசிரியர்.' பொன்னாடை போர்த்திய படமும் கூடவே இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைத் தேர்ந்தெடுத்து விருது கொடுத்ததாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது விருது அல்ல. அதற்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொருவருடைய ஆய்வையும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் பணிபுரியும் ஜான் அயனிடிஸும் அவருடைய சகாக்களும், ஆய்விதழ்களை வெளியிடும் எல்சவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்துக் கணக்குப் போட்டு வெளியிடும் பட்டியல் அது. உழைப்பு இல்லாமல் அதில் இடம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் எதை அளக்கிறது என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

பேராசிரியருக்குப் பாராட்டு கிடைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. எனக்குக் கவலை வேறு இடத்தில். '300 ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய உலகப் புகழ்பெற்ற புற்றுநோய் விஞ்ஞானி சொல்கிறார்' என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்திகளை எல்லாரும் பார்த்திருப்போம். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் அந்த 300 என்ற எண்ணுக்கு வரும் பலமே தனி. அதை நம்பி நாளையும் பணத்தையும் இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவே சொல்லாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## 'ஒரு கட்டுரை' என்றால் எது?

ஆய்வாளர்கள் 'பேப்பர்' என்று சொல்வது ஆய்விதழில் வெளியாகும் கட்டுரையை. எழுதியவர் அதை ஆய்விதழுக்கு அனுப்புவார். அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்துக் குறை நிறை சொல்வார்கள். அதன் பிறகு திருத்தி வெளியிடுவார்கள், அல்லது மறுத்துவிடுவார்கள். இந்தப் பரிசோதனைக்குப் பெயர் சக ஆய்வாளர் மதிப்பீடு. இப்படி மதிப்பிடுகிறவர்கள் எழுதியதைத்தான் படிக்கிறார்கள். சோதனையைத் தாங்களே மறுபடி செய்து பார்ப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாப் பேப்பரும் ஒரே ரகமல்ல. ஆய்வகத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லும் கட்டுரை உண்டு. ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதும் கட்டுரை உண்டு. மற்றவர்கள் கண்டுபிடித்ததைத் தொகுத்து எழுதும் விமர்சனக் கட்டுரை, ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு, இதழாசிரியருக்கு எழுதிய கடிதம் எல்லாமும் உண்டு. மொத்த எண்ணிக்கை என்று வரும்போது ஒவ்வொன்றும் 1 தான். அதனால் '300 கட்டுரைகள்' என்று யாராவது சொன்னால் அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது.

## மேற்கோள்: யார் யார் குறிப்பிட்டார்கள்

கட்டுரையை எழுதியாயிற்று. யாராவது அதைப் பயன்படுத்தினார்களா? அதைப் பார்க்கத்தான் மேற்கோள் கணக்கு. ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை தன் ஆதாரப் பட்டியலில் குறிப்பிட்டால் முதல் கட்டுரைக்கு ஒரு மேற்கோள். இதைப் பெரிய அளவில் பட்டியலிடலாம் என்று 1955-இல் எழுதியவர் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்டு. 1960-களில் அவருடைய நிறுவனமே அந்தப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். நோட்டில் நிறையப் பெயர் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நிறையத் தொடர்பு இருக்கிறது என்று தெரியும். மாப்பிள்ளை நல்லவரா என்று நோட்டு சொல்லாது. மனமுவந்து வந்தவரும் அதில் இருப்பார். போன வருஷம் தனக்குச் செய்த மொய்யைத் திருப்பிச் செய்ய வந்தவரும் இருப்பார். ஊரே போகிறதே என்று வந்தவரும் இருப்பார்.

மேற்கோளும் அப்படித்தான் சேர்கிறது. ஒரு கண்டுபிடிப்பின் மேல் தன் ஆய்வைக் கட்டியவர் அதைக் குறிப்பிடுவார். அது தவறு என்று காட்ட எழுதியவரும் குறிப்பிட்டே ஆகவேண்டும். அதுவும் ஒரு மேற்கோள்தான். வழக்கமாக எல்லாரும் குறிப்பிடுவதால் படிக்காமலே குறிப்பிடுகிறவரும் உண்டு. தன் பழைய கட்டுரைகளைத் தானே குறிப்பிடுவது சுயமேற்கோள். அளவோடு இருந்தால் அது இயல்பானது, ஏனென்றால் ஆய்வாளர் தன் முந்தைய வேலையைத் தொடர்ந்துதான் செய்கிறார். அளவு மீறினால் எண்ணைப் பெருக்கும் வழியாகிவிடும். அயனிடிஸ் குழு தன் பட்டியலைச் சுயமேற்கோளைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு விதமாகக் கணக்கிட்டுத் தருவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. புற்றுநோயியலில் ஆய்வாளர்கள் ஏராளம், கட்டுரைகள் ஏராளம், ஆகவே மேற்கோள்களும் ஏராளம். கணிதத்தில் ஒருவருக்கு 500 மேற்கோள் என்பது பெரிய விஷயம். புற்றுநோயியலில் அது அவ்வளவு அரிதல்ல. துறை தாண்டி எண்களை ஒப்பிடவே கூடாது.

சரி, இதுவரை பார்த்தது இரண்டு விஷயம். கட்டுரை எண்ணிக்கை ஒருவர் எவ்வளவு எழுதினார் என்று சொல்கிறது. மேற்கோள் எண்ணிக்கை அதன் மேல் எவ்வளவு பேர் கவனம் விழுந்தது என்று சொல்கிறது. எழுதியது சரியா என்று இரண்டுமே சொல்வதில்லை.

## எச்-இண்டெக்ஸ் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒருவர் நிறைய எழுதி யாரும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். இன்னொருவருக்கு ஒரே ஒரு கட்டுரை மட்டும் பெரிதாகப் பேசப்பட்டிருக்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார். அதுதான் எச்-இண்டெக்ஸ்.

ஒருவருக்கு 6 கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்கள் முறையே 50, 30, 12, 6, 5, 2. பெரியதிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 5 மேற்கோள் இருக்கிறது. ஆறாவதற்கு 6 தேவை, ஆனால் 2 தான் இருக்கிறது. எனவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. அவ்வளவுதான் கணக்கு.

இதில் இருக்கும் ஓட்டையையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். ஒருவர் வாழ்நாளில் 5 கட்டுரைகள் மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1000 மேற்கோள் வந்தாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் 5 தான். ஒவ்வொன்றும் 20 மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகளை எழுதியவருக்கு 20. அதோடு இந்த எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது. ஆராய்ச்சியை நிறுத்திவிட்டாலும் பழைய கட்டுரைகளுக்கு மேற்கோள் வந்துகொண்டிருக்கும். முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

எங்கே பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வேடுகள், புத்தக அத்தியாயங்கள், இன்னும் மதிப்பீடு செய்யப்படாத முன்வரைவுகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். பெரும்பாலும் அதில்தான் எண் கூடுதலாக இருக்கும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை மையமாக வைத்தே எண்ணும்.

## இதழின் எண் ஆய்வாளரின் எண் அல்ல

'இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள ஜர்னலில் வெளியிட்டிருக்கிறார்' என்பது அடுத்து அடிக்கடி கேட்கும் பேச்சு. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் ஆய்விதழின் சராசரி. முந்தைய 2 ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குப் புற்றுநோயியலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 'சிஏ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்விதழை நடத்துகிறது. 2022-க்கு அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 254.7. அதே ஆண்டில் உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழுக்கு 64.8. அப்படியானால் சிஏ இதழின் ஒவ்வொரு கட்டுரையும் நேச்சர் கட்டுரையைவிட நான்கு மடங்கு சிறந்ததா? இல்லை. சிஏ ஆண்டுக்குக் கொஞ்சம் கட்டுரைகளையே வெளியிடுகிறது. அதில் அமெரிக்கப் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை ஆண்டுதோறும் வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 'குளோபோகான்' என்ற உலகப் புற்றுநோய் மதிப்பீடும் வரும். உலகில் எந்த மூலையில் யார் புற்றுநோயைப் பற்றி எழுதினாலும் 'ஆண்டுக்கு இத்தனை பேருக்கு இந்த நோய் வருகிறது' என்றுதான் தொடங்குவார்கள். அந்த முதல் வரிக்கு ஆதாரம் இந்தக் கட்டுரைகள். அந்தச் சிலவற்றுக்கு வரும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் இதழ் முழுவதின் சராசரியையும் மேலே தூக்கிவிடுகின்றன. அவை மிகப் பயனுள்ள கட்டுரைகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் வந்த வேறொரு கட்டுரையின் தரத்தை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

ஆய்வாளரை எடைபோட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து ஒரு பிரகடனமே தயாரித்தார்கள். டோரா என்று அதைச் சொல்வார்கள்.

சுருக்கமாக: எச்-இண்டெக்ஸ் ஆளைப் பற்றியது, இம்பாக்ட் ஃபேக்டர் இதழைப் பற்றியது. முதலாவது மூத்தவர்களுக்குச் சாதகம். இரண்டாவதை ஒரு சில கட்டுரைகளே தீர்மானித்துவிட முடியும்.

## ஒரு கோழி, ஒரு குரோமோசோம்

எண்களுக்கும் உண்மையான தாக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு காலம் ஓடக்கூடும் என்பதற்கு இரண்டு கதைகள்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்குக் கட்டியோடு ஒரு கோழி வந்தது. பெய்ட்டன் ரவுஸ் அந்தக் கட்டியை அரைத்து, செல்களும் பாக்டீரியாக்களும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் திரவத்தை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் புற்று வந்தது. அதாவது செல்லைவிடச் சிறிய ஏதோ ஒன்று, இன்று வைரஸ் என்று நாம் சொல்வது, புற்றை உண்டாக்குகிறது. இதை அவர் 1911-இல் வெளியிட்டார். பெரும்பாலோர் நம்பவில்லை, கோழிக்கு வருவது மனிதனுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் அவரே அந்த வேலையை விட்டுவிட்டு ரத்தத்தைக் கெடாமல் பாதுகாக்கும் ஆய்வுக்குப் போய்விட்டார். அந்தக் கோழி ஆய்வுக்கு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். அப்போது அவருக்கு 87 வயது. 2 ஆண்டு மேற்கோளை எண்ணும் எந்தக் கணக்கிலும் அந்தக் கட்டுரை தேறியிருக்காது.

இரண்டாவது கதை ரத்தப் புற்றுநோய் பற்றியது. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் நாட்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களில் வழக்கத்துக்கு மாறான ஒரு குட்டிக் குரோமோசோமைக் கண்டார்கள். வெளியிட்டது சில பத்திகளே கொண்ட குறிப்பு. அது ஏன் குட்டையானது என்று 13 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரவ்லி, 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார். நேச்சரில் வந்த அந்தச் சிறிய கட்டுரையில் அவர் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அப்புறம் மற்றவர்கள் அந்த இடமாற்றத்தில் உருவாகும் கோளாறான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்கும் புரதம் செல்லை ஓயாமல் பெருகச் செய்கிறது என்று தெரிந்தது. அந்தப் புரதத்தை முடக்கும் வேதிப்பொருள் ஒன்று புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று 1996-இல் பிரையன் டிரூக்கரும் மருந்து நிறுவனத்தில் இருந்த நிக்கலஸ் லைடனும் மற்றவர்களும் எழுதினார்கள். அதுதான் இமாடினிப் மாத்திரை. 2001-இல் வெளியான முதற்கட்ட முடிவில், போதிய அளவு மருந்து எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

1960 முதல் 2001 வரை 41 ஆண்டுகள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்துவிட்டாலும் மாத்திரை இல்லை. மேற்கோள் கணக்கோ கண்ணிகளைத் தனித்தனியாகத்தான் எண்ணும். போதாதற்கு, ஒரு கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டால் அதை யாரும் மேற்கோள் காட்டுவதே நின்றுபோகும். அந்தக் குட்டிக் குரோமோசோமுக்கு இன்று பெயர் 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்'. அப்படி எழுதும் எல்லாரும் நோவெல், ஹங்கர்ஃபோர்டு குறிப்பை ஆதாரமாகக் காட்டுவதில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

இந்த மாத்திரை நம் ஊர் நோயாளிக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்ததற்குக் காரணம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. இந்த மாத்திரையைத் தயாரிக்கும் நோவார்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013-இல் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எந்த விஞ்ஞானியின் எச்-இண்டெக்ஸிலும் அது ஏறாது.

## மேற்கோள் நிறைய, முடிவு தவறு

2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் போட்டி என்ற மருத்துவரும் குழுவும், கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்து எந்தக் கீமோ மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என எழுதினார்கள். நேச்சர் மெடிசின் இதழ். நூற்றுக்கணக்கான மேற்கோள்கள். அதை நம்பி நோயாளிகளை வைத்து மருத்துவ ஆய்வுகளே தொடங்கப்பட்டன. ஹூஸ்டனில் இருந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்தத் தரவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். அட்டவணையில் மரபணுப் பெயர்கள் ஒரு வரிசை தள்ளி விழுந்திருந்தன. மருந்துக்குக் கட்டுப்பட்டவை, கட்டுப்படாதவை என்ற அடையாளமும் சில இடங்களில் தலைகீழாக இருந்தது. 2011-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அதாவது 'இதை இனி நம்ப வேண்டாம்' என்று இதழே அறிவித்தது. 2015-இல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் இது முறைகேடு என்று தீர்மானித்தது.

சக மதிப்பீட்டாளர்கள் சோதனையை மறுபடி செய்வதில்லை என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். இப்படி முறைகேடு நடப்பது குறைவு. நேர்மையாகச் செய்த ஆய்வும் மறுபடி செய்யும்போது வராமல் போவதுதான் அதிகம். ஆம்ஜென் மருந்து நிறுவனத்தினர் புற்றுநோயியலில் முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 ஆய்வகக் கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதியானதாக 2012-இல் எழுதினார்கள். உறுதியாகாத கட்டுரைகளும் ஏராளமான மேற்கோள்கள் பெற்றவைதான்.

## பெயர் எந்த இடத்தில் இருக்கிறது?

உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் பெயர் வரிசைக்கு அர்த்தம் உண்டு. முதல் பெயர் வழக்கமாக வேலையைக் கையால் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். நடுவில் இருப்பவர்களின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், ஒரு ரத்த மாதிரி கொடுத்ததாகவும் இருக்கலாம். மேற்கோள் கணக்கில் எல்லாருக்கும் முழுப் பங்கு.

இந்த வரிசை சண்டையாகவும் மாறும். ரவுஸின் கோழி வைரஸில் இருந்த புற்று மரபணு, நோயற்ற பறவைகளின் செல்களிலேயே இயல்பாக இருக்கிறது என்று 1976-இல் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் டொமினிக் ஸ்டெலான். 1989-இல் நோபல் பரிசு அதே கட்டுரையில் இருந்த மைக்கேல் பிஷப்புக்கும் ஹரால்டு வார்மஸுக்கும் போனது. ஸ்டெலான் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்.

தமிழர்களுக்கு வேறொரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல் இருக்கிறது. தரவுத்தளங்கள் குடும்பப் பெயரை எதிர்பார்க்கின்றன. ஒரே ஆள் இரண்டு பெயர்களாகப் பிரிவதும், ஒரே பெயர் கொண்ட பல குமார்கள் ஒரே ஆளாகச் சேர்ந்துவிடுவதும் சகஜம். இதைத் தீர்க்கத்தான் 2012 முதல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கிவிடுவது நல்லது.

## திண்டுக்கல்லில் நடந்த ஆய்வு

நோயாளிக்கு எட்டிய தாக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போகவேண்டாம். 2000 முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. லியோன் முகமையின் ரங்கசாமி சங்கரநாராயணனும் அம்பிளிக்கை மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து நடத்தியது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பார். பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததில், பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் மற்ற பகுதிகளைவிடக் குறைந்தன. 2007-இல் லான்செட் இதழில் வெளியானது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெண்களுக்கு இந்த முறையில் பரிசோதனை செய்தார்கள். லான்செட்டில் வந்ததால் இதற்கு மேற்கோள்களும் உண்டு. ஆனால் அங்கே பரிசோதனைக்கு உட்கார்ந்த பெண் எந்த ஆய்விதழுக்கும் மேற்கோள் எழுதப்போவதில்லை.

## நீங்களே பார்க்க வேண்டுமென்றால்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் என்ற தளம் இலவசம். அதில் ஆய்வாளரின் பெயரைத் தேடி, அவர் முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ இருக்கும் நான்கைந்து கட்டுரைகளின் சுருக்கத்தைப் படியுங்கள். சொல்வது எலியிலா, கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ந்த செல்லிலா, மனிதர்களிலா என்று முதலில் பாருங்கள். 'புற்றுச் செல்லைக் கொன்றது' என்பது கிண்ணத்தில் நடந்திருந்தால் சிகிச்சைக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். இந்தியாவில் நோயாளிகளை வைத்து நடக்கும் மருந்து ஆய்வுகளைச் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடலாம். ஒருவர் 'எங்கள் மருந்து ஆய்வில் இருக்கிறது' என்று சொல்லிப் பணம் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

சிகிச்சைக்கு மருத்துவரைத் தேடும்போது இந்த எண்களை ஒதுக்கி வைத்துவிடலாம். ஒரு கட்டுரைகூட எழுதாத, கைதேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: இந்த வகைப் புற்றுக்கு நீங்கள் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்கிறீர்கள்? அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்று பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் டியூமர் போர்டு உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா? எங்கள் ரிப்போர்ட்டை அதில் வைப்பீர்களா?